மூன்று லட்சம் அட்வான்ஸ் கையில் இருந்தும் வாடகை போனது எப்படி?

வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர், சென்னைப் புறநகரில் ஒரு அடுக்குமாடி வீடு, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு தம்பி, பதினோரு மாத ஒப்பந்தம், மூன்று லட்ச ரூபாய் அட்வான்ஸ். தமிழ்நாட்டு வாடகைத் தகராறுகளில் திரும்பத் திரும்ப வரும் கூறுகளை ஒரே வீட்டில் சேர்த்து இந்த நிகழ்வை அமைத்திருக்கிறோம். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. சட்டமும் வரி விகிதங்களும் அந்தந்தத் தேதியில் நடைமுறையில் இருந்தவை. 2025ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. இது 2023 முதல் 2025 வரை நடக்கும் கதை, ஆகவே 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்களையே சொல்கிறோம்.

வீட்டின் பணக்கணக்கு

வங்கிக் கடன் 50 லட்சம், வட்டி 8.5 விழுக்காடு, 20 ஆண்டு. மாதத் தவணை 43,391 ரூபாய். வாடகை 35,000. பராமரிப்புக் கட்டணம் 4,000 ரூபாயை வாடகைதாரரே குடியிருப்போர் சங்கத்தில் கட்டுவதாகப் பேச்சு. ஒப்பந்தம் 2023 ஏப்ரல் 1 முதல்.

வாடகை முழுதும் தவணைக்குப் போனாலும் மாதம் 8,391 ரூபாய் துண்டு விழுகிறது. அதை உரிமையாளர் அட்வான்ஸிலிருந்து அடைத்துக்கொண்டார். 8,391 ரூபாய் வீதம் 36 மாதத்துக்கு 3,02,076. அதாவது மூன்று ஆண்டு முடியும்போது அட்வான்ஸ் சுத்தமாகக் காலி. அதன்பின் வாடகைதாரர் வெளியேறினால், அடுத்து வருபவரின் அட்வான்ஸை வாங்கித்தான் இவருக்குத் திருப்பித் தர வேண்டும். இடையில் வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

முதலீடாக வீடு வாங்குபவர்கள் பலர் வைத்திருக்கும் கணக்கு இதுதான், தவறும் இங்கேதான் தொடங்குகிறது. அட்வான்ஸ் வருமானமல்ல, வட்டியில்லாக் கடன். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, வாடகைதாரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பாக்கிகளைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். மாற்று உடன்பாடு எழுத்தில் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கவும் கூடாது. இந்த வீட்டில் 1,05,000 இருக்க வேண்டிய இடத்தில் 3,00,000 வாங்கியிருந்தார்கள். "எட்டு மாச வாடகை நம்ம கையில இருக்கு, அவர் எங்க போயிடுவார்?" என்ற தைரியத்தில், பத்திரத்தை யாரும் சரியாகப் போடவில்லை.

ஒப்பந்தத்தில் இருந்த ஓட்டைகள்

முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த பதினோரு மாத ஒப்பந்தம். உரிமையாளருக்காகத் தம்பி கையெழுத்துப் போட்டார். அவரிடம் அதிகாரப் பத்திரம் இல்லை, அண்ணன் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய "நீயே சைன் பண்ணிடு" என்ற செய்திதான் இருந்தது. உரிமையாளர் முகவரி என்ற இடத்தில் அதே வீட்டின் முகவரி. அவர் இந்தியாவில் இல்லை என்ற வரி எங்குமே இல்லை.

பதினோரு மாதம் என்ற பழக்கம் பழைய பதிவுச் சட்டத்தை ஒட்டி வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து ஒரு மாதம் குறைத்தார்கள். ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்புறங்களில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், காலம் பதினோரு மாதமோ பத்து மாதமோ, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. துணை ஆட்சியர் நிலையிலுள்ளவர்தான் வாடகை அதிகாரி. பதிவு அரசின் வாடகைப் பதிவு இணையதளம் வழியாக நடக்கிறது, காலக்கெடு ஒப்பந்தம் போட்டதிலிருந்து 90 நாள். இருவரின் அடையாளச் சான்று, புகைப்படம், ஒப்பந்தம், சொத்துரிமைக்கான ஆவணம் ஆகியவற்றை ஏற்றினால் பதிவெண் கிடைக்கும்.

இங்கே பலர் குழம்புவது உண்டு. சார்பதிவாளர் பதிவு வேறு, வாடகை அதிகாரி பதிவு வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டால் இரண்டுமே தேவை.

பதிவு செய்யாமல் விட்டால் அந்தத் தாளைச் சான்றாக ஏற்பதற்கே சட்டம் தடை போட்டிருக்கிறது. வாடகை 35,000 என்பதையும், பராமரிப்பைக் கட்ட வேண்டியவர் வாடகைதாரர் என்பதையும், அட்வான்ஸ் எவ்வளவு என்பதையும் வங்கிப் பரிமாற்றத்திலிருந்தும் செய்திப் பரிமாற்றத்திலிருந்தும் உரிமையாளர் நிரூபிக்க வேண்டிய நிலை வருகிறது.

2024 பிப்ரவரி கடைசியில் பதினோரு மாதம் முடிந்தது. வாய்ச்சொல்லில் நீட்டித்தார்கள். சட்டப்படி, காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் குடியிருப்பு தொடர்ந்தால் அது மாதத்துக்கு மாதம் புதுப்பித்ததாகக் கருதப்படும். அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம்தான். அதற்குள் புதிய ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

டிடிஎஸ் வழியாக வந்த வெடிப்பு

2024 ஜூனில் வாடகைதாரர் தன் வருமானவரி ரிட்டர்னுக்காக ஆடிட்டரிடம் போனார். வீட்டு வாடகைப்படிக்காக உரிமையாளரின் பான் எண்ணைக் கொடுத்தார். பேச்சுவாக்கில் "அவர் வெளிநாட்டுல இருக்கார்" என்றார். ஆடிட்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வாடகைதாரர் வாடகையிலேயே வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் (இதுதான் டிடிஎஸ்) என்பது பொதுவான நம்பிக்கை. அந்த வரம்பு 194-ஐபி பிரிவுக்கு உரியது, உரிமையாளர் இந்தியவாசியாக இருந்தால் மட்டும் பொருந்தும். (அதன் விகிதம் 5 விழுக்காடாக இருந்தது, 2024 அக்டோபர் 1 முதல் 2 ஆனது.) உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் 195ஆவது பிரிவு. அங்கே வரம்பே இல்லை. மாதம் 5,000 ரூபாய் வாடகை என்றாலும் 30 விழுக்காடு வரியும் அதன் மேல் 4 விழுக்காடு செஸ்ஸும் சேர்த்து 31.2 விழுக்காடு பிடிக்க வேண்டும். வாடகைதாரர் வரி பிடிப்பவருக்கான டான் எண் எடுத்து, அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டி, காலாண்டுக்கு ஒருமுறை 27கியூ படிவம் தாக்கல் செய்து, உரிமையாளருக்கு வரி பிடித்ததற்கான 16ஏ சான்று தர வேண்டும். தாக்கல் தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம்.

35,000 ரூபாய்க்கு மாதம் 10,920. ஆண்டுக்கு 1,31,040. ஒரு ரூபாய்கூடப் பிடிக்கப்படவில்லை. பிடிக்கத் தவறியவர் என்ற முறையில் பொறுப்பு வாடகைதாரர் மேல் விழுகிறது, மாதத்துக்கு 1 விழுக்காடு வட்டியோடு. பிடிக்காத தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

அந்த மனிதருக்கு வந்த கோபம் நியாயமானது. உரிமையாளரின் வாசத் தகுதியை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஜூலை 3ஆம் தேதி தம்பிக்கு அவர் அனுப்பிய செய்தி: "சார், உங்க அண்ணன் என்ஆர்ஐனு சொல்லவே இல்ல. லட்சக்கணக்குல வரி என் தலையில விழுந்திருக்கு. இது தீர்ற வரைக்கும் வாடகைய அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க." தம்பியின் பதில்: "சரி சார், அப்படியே பாத்துக்கலாம்."

அந்த ஒரு வரிப் பதில் பிற்பாடு எவ்வளவு கெடுத்தது என்பதைக் கீழே பார்ப்போம். முதலில் வரியை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அது தீர்க்கக்கூடியதாகவே இருந்தது.

உண்மையில் எவ்வளவு வரி?

2023-24 நிதியாண்டு. வாடகை 4,20,000. உரிமையாளர் அந்த ஆண்டுக்குள் கட்டிய சொத்துவரி 10,000. கழித்தால் நிகர ஆண்டு மதிப்பு 4,10,000. அதில் 30 விழுக்காடு நிலைக்கழிவு 1,23,000. பழுதுபார்த்த செலவு குறைவோ கூடுதலோ, இந்த 30 விழுக்காடுதான், பில் காட்டத் தேவையில்லை. மீதி 2,87,000. கடன் வட்டி 3,90,000. ஆக வீட்டு வருமானத்தில் 1,03,000 ரூபாய் நஷ்டம்.

வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டிக்கு உச்சவரம்பு இல்லை. இரண்டு லட்சம் என்ற வரம்பு, நஷ்டத்தை மற்ற வருமானத்தோடு ஈடுகட்டும்போது வருவது. அதுவும் பல கழிவுகளை அனுமதிக்கும் பழைய வரிமுறையில்தான். புதிய முறையில் வட்டியை வாடகை அளவுக்கு மட்டும் கழிக்கலாம், அதற்கு மேற்பட்ட நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது.

இவருக்கு என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியர் தம் இந்திய வருமானத்தை வைக்கும் ரூபாய்க் கணக்கு) வைப்பு வட்டி 3,40,000 ரூபாய் இருந்தது. புதிய முறையில் அது அப்படியே வரிக்கு வரும். 3 லட்சத்துக்கு மேலுள்ள 40,000 ரூபாய்க்கு 5 விழுக்காடு, செஸ் சேர்த்து 2,080. இந்தியவாசிக்கு, குறைந்த வருமானக்காரருக்கான 87ஏ தள்ளுபடியில் இது மறைந்துவிடும், வெளிநாடுவாழ் இந்தியருக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. பழைய முறையில் 3,40,000 லிருந்து 1,03,000 நஷ்டத்தைக் கழித்தால் 2,37,000. இரண்டரை லட்சத்துக்குக் கீழ், வரி இல்லை. வைப்பு வட்டியில் வங்கி ஏற்கெனவே பிடித்திருந்த 1,06,080 ரூபாயும் முழுதாகத் திரும்பி வரும்.

ஆனால் தொழில் வருமானம் இல்லாதவர் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட வேண்டும். ஒருநாள் தாண்டினாலும் புதிய முறைதான், நஷ்டம் அதோடு போகும். தாமதமாகப் போட்டாலும் வீட்டு நஷ்டத்தை எட்டு ஆண்டு எடுத்துச் செல்லலாம் என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தின் ஒரு பிரிவை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். தாமத ரிட்டர்ன் தானாகவே புதிய முறைக்குள் போய்விடுவதால், எடுத்துச் செல்ல நஷ்டம் மிஞ்சாது.

இந்த நிகழ்வில் 2024 ஜூலை 20 அன்று, கெடுவுக்குப் பதினோரு நாள் முன்னதாக, வாடகை வருமானத்தைக் காட்டிப் பழைய முறையில் ரிட்டர்ன் போடப்பட்டது. அதுவே வாடகைதாரருக்கும் வழி திறந்தது. வருமானம் பெற்றவர் அதைத் தன் ரிட்டர்னில் காட்டி, உரிய வரியைக் கட்டியிருந்தால், ஆடிட்டர் சான்றோடு 26ஏ படிவம் தாக்கல் செய்து, வரி பிடிக்கத் தவறியவர் என்ற பழியிலிருந்து வாடகைதாரர் விலகலாம். வெளிநாடுவாழ் இந்தியர் பெறும் தொகைக்கும் 2019 முதல் இந்த வசதி உண்டு. வட்டி மட்டும் மிஞ்சும்: வரி பிடிக்க வேண்டிய நாள் முதல் உரிமையாளர் ரிட்டர்ன் போட்ட நாள்வரை, மாதத்துக்கு 1 விழுக்காடு, பகுதி மாதமும் முழு மாதம். வாடகை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி தரப்பட்டது. 2023 ஏப்ரல் வாடகைக்கு 16 மாத வட்டி, 2024 மார்ச் வாடகைக்கு 5 மாத வட்டி. பன்னிரண்டு மாதங்களையும் கூட்டினால் 126 மாதம். 10,920 ரூபாயில் 126 விழுக்காடு 13,759 ரூபாய்.

1,31,040 என்று பயந்தது 13,759இல் முடியக்கூடியது. இதை ஜூலையிலேயே உட்கார்ந்து பேசி, அந்த 13,759 ரூபாயை உரிமையாளர் ஏற்றுக்கொண்டிருந்தால் வாடகை நின்றிருக்காது. உரிமையாளர் ரிட்டர்ன் போட்டதை வாடகைதாரருக்குத் தெரிவிக்கக்கூட இல்லை.

வாடகை பழைய சாதாரணச் சேமிப்புக் கணக்கில் வந்துகொண்டிருந்தது. வெளிநாடுவாழ் இந்தியர் ஆனதும் அந்தக் கணக்கை என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. அது என்ஆர்ஓ கணக்காக இருந்திருந்தால், முதல் மாதம் பணம் போடும்போதே வாடகைதாரருக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

எட்டு மாதம் சும்மா இருந்ததன் விலை

ஜூலையிலிருந்து வாடகையும் இல்லை, பராமரிப்பும் இல்லை. மாதம் 39,000. சங்கம் பாக்கியை உரிமையாளரிடம் கேட்கத் தொடங்கியது. அட்வான்ஸ் மூன்று லட்சம் என்பதால் ஏழரை மாதத்துக்கு மேல் தாங்கும் என்று குடும்பம் கணக்குப் போட்டது. 2025 பிப்ரவரியோடு பாக்கி 3,12,000 ஆகி அட்வான்ஸைத் தாண்டியது. அதன்பிறகுதான், மார்ச் 10 அன்று, வக்கீல் நோட்டீஸ் போனது.

சட்டம் என்ன வழி வைத்திருந்தது? இரண்டு மாத வாடகையும் இதர கட்டணங்களும் பாக்கி விழுந்தால் எழுத்தில் கேட்பு நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் வீட்டை மீட்க மனு செய்யலாம். ஜூலை, ஆகஸ்ட் பாக்கிக்குச் செப்டம்பர் முதல் வாரம் நோட்டீஸ் போயிருந்தால் அக்டோபரில் மனு. அப்போது பாக்கி 1,56,000, அட்வான்ஸ் கணக்கில் இன்னும் 1,44,000 ரூபாய் மெத்தை. வழக்கு நடக்கும் காலத்தைத் தாங்குவதற்குத்தான் அட்வான்ஸ். நோட்டீஸ் அனுப்பும் முன்பே அதைக் கரைத்துவிட்டால் வழக்குக் காலம் முழுதும் உரிமையாளர் கைக்காசு.

இதோடு தம்பியின் "சரி சார், அப்படியே பாத்துக்கலாம்." நோட்டீஸுக்கு வந்த பதில் அந்தச் செய்தியின் நகலோடு வந்தது: அட்வான்ஸில் கழிக்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம், ஆகவே பிப்ரவரி வரை பாக்கியே இல்லை. அதாவது வாடகை கட்டத் தவறியவர் என்ற குற்றச்சாட்டின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. நல்ல ஒப்பந்தத்தில் "முன்பணம் மாத வாடகைக்கு ஈடாகக் கழிக்கப்படமாட்டாது, காலி செய்யும்போது மட்டுமே கணக்குத் தீர்க்கப்படும்" என்ற ஒரு வரி இருக்கும். இங்கே இல்லை. இருந்தாலும், பதிவாகாத ஒப்பந்தத்தில் இருந்து என்ன பயன்?

அதே செய்தி வரியிலும் இடித்தது. வராத வாடகைக்கு வரி கட்ட வேண்டியதில்லை, ஆனால் அதற்கு வருமானவரி விதி 4 நான்கு நிபந்தனை வைக்கிறது. வாடகை உறவு உண்மையானதாக இருக்க வேண்டும். தவறியவர் காலி செய்திருக்க வேண்டும், அல்லது காலி செய்ய வைக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். அவர் அதே உரிமையாளரின் வேறு வீட்டில் இருக்கக் கூடாது. பாக்கியை வசூலிக்கச் சட்ட நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், அல்லது எடுத்தாலும் பயனிராது என்று வரி அதிகாரியை நம்பவைக்க வேண்டும். 2024-25இல் ஜூலை முதல் மார்ச் வரை வராத வாடகை 3,15,000. அதைக் கழிக்க முடிந்தால் வீட்டு நஷ்டம் 3,12,500 (அந்த ஆண்டு வட்டி 3,79,000). முடியாவிட்டால் 92,000 மட்டும். வித்தியாசம் 2,20,500. மார்ச் 10 நோட்டீஸ் நிதியாண்டு முடிய மூன்று வாரம் இருக்கும்போது போனதால் நடவடிக்கை எடுத்ததற்குச் சான்று கிடைத்தது. ஆனால் "அட்வான்ஸில் கழித்தோம்" என்று ஒப்புக்கொண்டால் 3,00,000 ரூபாய் வாடகை வந்துவிட்டதாகவே ஆகும். நீதிமன்றத்தில் ஒரு கதை, ரிட்டர்னில் வேறு கதை என்று சொல்ல முடியாது. பிற்பாடு பாக்கி வசூலானால் வசூலான ஆண்டில் 30 விழுக்காடு கழிவு போக அதற்கு வரி உண்டு, அப்போது வீடு கைமாறிப் போயிருந்தாலும் சரி.

நடுவில் ஒருநாள் தம்பி கரண்ட் ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம் என்று யோசித்தார். நல்ல வேளையாக வக்கீல் தடுத்தார். பாக்கி எவ்வளவு இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது. வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் போனால் இணைப்பைத் திரும்பத் தர உத்தரவு வரும், பணம் கேட்கப் போனவர் பதில் சொல்லும் இடத்தில் நிற்பார். பூட்டு மாற்றுவதும் அப்படியே.

திருத்திய விதம்

முதல் வேலை அதிகாரப் பத்திரம். அண்ணன் தான் இருக்கும் நாட்டில் இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்டு அனுப்பினார். அப்படி வரும் பத்திரம் இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் தீர்வை நிர்ணயம் செய்துகொள்ளலாம். அதைச் செய்யாமல் பீரோவில் வைத்துவிட்டு, வழக்கு வந்த பிறகு எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள் ஏராளம். பத்திரத்தில் எழுதியவை: வாடகை ஒப்பந்தம் போட, பதிவு செய்ய, வாடகை பெற்று ரசீது தர, நோட்டீஸ் அனுப்ப, வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் ஆகியவற்றில் மனு செய்ய, வக்கீல் அமர்த்த. விற்கும் அதிகாரம் வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. வாடகை பார்க்கத் தரும் பத்திரத்தில் விற்பனையையும் சேர்ப்பது தேவையற்ற ஆபத்து, தம்பி எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

இரண்டாவது, இன்னொரு நோட்டீஸ். எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வாருங்கள் என்ற அழைப்பு. உரிமையாளரும் வாடகைதாரரும் எழுத்து ஒப்பந்தத்துக்கு வரத் தவறுவதே வீட்டை மீட்பதற்கு ஒரு தனிக் காரணம் என்று சட்டம் சொல்கிறது. பாக்கி என்ற காரணம் தம்பியின் செய்தியால் பலவீனப்பட்டிருந்த நிலையில் இது இரண்டாம் கால். வரைவு ஒப்பந்தத்தை இணைத்து, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினார்கள். தபால் ரசீதையும் ஒப்புகையையும் ஒரே கோப்பில் வைத்தார்கள்.

நோட்டீஸுக்குப் பிறகு ஏப்ரலில் வாடகைதாரர் 35,000 ரூபாய் அனுப்ப முன்வந்தார். நோட்டீஸ் கொடுத்துக் குடியிருப்பை முடித்த பின் வாடகையைப் பேசாமல் வாங்கினால் அந்த முடிவைக் கைவிட்டதாக வாதிட இடம் உண்டு. பணமாக வாங்குவதானால் "எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி, பழைய பாக்கிக் கணக்கில்" என்று எழுத்தில் சொல்லித்தான் வாங்க வேண்டும். இங்கே பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்ததால் வாங்கவே இல்லை.

மே 31 அன்று வாடகைதாரர் காலி செய்தார். பதினோரு மாத பாக்கி 4,29,000. மின்கட்டணம் 6,200. மொத்தம் 4,35,200. அட்வான்ஸ் போக 1,35,200. இதில் வாடகைதாரர் கட்டிய வரி வட்டி 13,759 ரூபாயையும் அவருடைய ஆடிட்டர் செலவையும் உரிமையாளர் ஏற்றார். எஞ்சியதை ஆறு தவணையாக, பின்தேதியிட்ட காசோலைகளாக வாங்கினார்கள். வழக்கு நடத்தி முழுத்தொகையையும் வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். பதிவில்லாத ஒப்பந்தம், அந்த வாட்ஸ்ஆப் பதில், உரிமையாளர் மறைத்த வாசத் தகுதி ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏறுவதைவிட இது நல்ல தீர்வு.

ஒப்படைப்புச் சீட்டு ஒரு பக்கம்தான், ஆனால் சரியாக எழுதப்பட்டது: தேதி, நேரம், மின்மீட்டர் அளவு, சாவி எத்தனை (வாசல் இரண்டு, படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் ஒன்று, தபால்பெட்டி ஒன்று), ஒவ்வொரு அறைக்கும் இரண்டு படம், சமையலறைக் குழாய்க் கசிவு எனக் கண்ட குறைகள், தீர்ந்த தொகை, தீர வேண்டிய தொகை, வேறு கோரிக்கை இருவருக்கும் இல்லை என்ற வரி, இருவர் கையெழுத்து, ஒரு சாட்சி. சுவரில் ஆணி அடித்த தடம், நிறம் மங்கியது போன்ற வழக்கமான தேய்மானத்துக்குப் பணம் பிடிக்கவில்லை. வெள்ளையடிக்கும் செலவை எப்போதும் வாடகைதாரர் தலையில் கட்டும் பழக்கம், ஒப்பந்தத்தில் எழுதாதவரை நிற்காது.

அடுத்த குடியிருப்பு

புதிய வாடகைதாரரிடம் மூன்று மாத அட்வான்ஸ், 1,05,000. அது தனி நிரந்தர வைப்பில், கடன் தவணைக்குத் தொடாமல். மாதத் துண்டு 8,391 ரூபாயை அண்ணன் தன் சம்பளத்திலிருந்து அனுப்புகிறார். கணக்கு இறுக்கமாகத்தான் இருக்கிறது. அந்த வீடு தன்னைத்தானே தாங்காது என்பது வாங்கிய நாளிலேயே தெரிந்திருக்க வேண்டிய உண்மை, அட்வான்ஸ் அதை இரண்டு ஆண்டு மறைத்துவைத்தது.

ஒப்பந்தத்தின் முதல் பத்தியிலேயே உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்பதும், வாடகை எந்த என்ஆர்ஓ கணக்குக்கு என்பதும், வரியை வாடகைதாரர் 195ஆவது பிரிவின்படி பிடிப்பார் என்பதும் இருக்கின்றன. டான் எண் எடுக்கவும் காலாண்டுப் படிவம் போடவும் ஆகும் ஆடிட்டர் கட்டணம் உரிமையாளர் பொறுப்பு. இந்த ஒரு சலுகை இல்லாவிட்டால் வெளிநாடுவாழ் உரிமையாளருக்கு நல்ல வாடகைதாரர் கிடைப்பது கடினம், யாரும் இலவசமாக அரசுக்கு வரி வசூலித்துத் தரமாட்டார்கள். சங்கப் பராமரிப்பை உரிமையாளரே கட்டி வாடகையோடு சேர்த்து வாங்குகிறார், அப்போதுதான் பாக்கி முதல் மாதமே கண்ணில் படும். ஒப்பந்த நகல் பதினைந்து நாளுக்குள் வாடகைதாரருக்குத் தரப்பட்டது. வாடகை அதிகாரியின் பதிவெண் நாற்பதாம் நாள் வந்தது.

எஞ்சியது 31.2 விழுக்காடு பிடிப்பு. உண்மையான வரி இல்லாத இடத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் அரசிடம் போய், ரிட்டர்ன் போட்டு, மாதக்கணக்கில் காத்துத் திரும்ப வாங்க வேண்டும். இதற்கு 197ஆவது பிரிவில் குறைந்த பிடிப்புச் சான்று உண்டு. 13ஆம் எண் படிவத்தை வருமானவரித் துறையின் டிரேசஸ் இணையதளத்தில் உரிமையாளர் தாக்கல் செய்ய வேண்டும். கேட்பவை: மதிப்பிட்ட வருமானக் கணக்கு, முந்தைய ஆண்டுகளின் ரிட்டர்ன், கடன் வட்டிச் சான்று, வாடகை ஒப்பந்தம், வாடகைதாரரின் டான். சான்று அந்த டான் எண்ணுக்கும் அந்த நிதியாண்டுக்கும் மட்டும் செல்லும், வெளியான தேதியிலிருந்துதான் செல்லும், முன்பு பிடித்ததை மாற்றாது. ஆகவே மனு செய்ய ஏற்ற காலம் நிதியாண்டின் தொடக்கம். வாடகைதாரர் மாறினால் மறுபடியும் மனு. பழைய ரிட்டர்ன்கள் ஒழுங்காக இல்லாதவரின் மனு அங்கேயே நின்றுவிடும். இந்த உரிமையாளருக்கு 2024 ஜூலை 20இல் போட்ட ரிட்டர்ன் இங்கே இரண்டாம் முறை கைகொடுத்தது.